கல்லீரல் பயாப்சிக்குப் பிந்தைய ஓய்வும் பாதுகாப்பும்: ஒரு வரலாறு

கல்லீரலிலிருந்து ஊசியின் மூலம் சிறு திசுத் துண்டை எடுத்து நுண்ணோக்கியில் ஆராயும் முறை கல்லீரல் திசுப் பரிசோதனை எனப்படும். மருத்துவமனைகளில் இது கல்லீரல் பயாப்சி என்றே வழங்குகிறது. இன்றைய முறையில் ஊசி கல்லீரலுக்குள் இருக்கும் நேரம் மிகக் குறைவு. பெரும்பாலும் ஒரு நொடிக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் அதன் பிறகு நோயாளி சில மணி நேரம் படுக்கையிலேயே இருக்க வேண்டும். செவிலியர் கால் மணிக்கு ஒருமுறை நாடியும் இரத்த அழுத்தமும் பார்ப்பார். வீட்டுக்கு அனுப்பும்போது அன்றிரவு துணைக்கு ஒருவர் இருக்கிறாரா என்று கேட்பார்கள். ஒரு நொடி வேலைக்கு இத்தனை கட்டுப்பாடுகளா என்று நோயாளிகள் வியப்பதுண்டு. இக்கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றும் கடந்த 100 ஆண்டுகளுக்கு மேலான அனுபவத்திலிருந்து, பல நாடுகளின் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளுக்கு நேர்ந்ததைக் கணக்கெடுத்துக் கண்டறிந்தவை. அவை உருவான வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்லீரலின் இயல்பும் ஆபத்தின் காரணமும்

வயது வந்தவரின் கல்லீரல் ஏறத்தாழ 1.5 கிலோ எடையுள்ளது. வயிற்றின் வலப்புறம், விலா எலும்புகளுக்கு அடியில், உதரவிதானத்தை ஒட்டி அமைந்துள்ளது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு கல்லீரல் வழியாகச் செல்கிறது. மற்ற உறுப்புகளுக்குத் தமனி வழியாக மட்டுமே இரத்தம் வர, கல்லீரலுக்குத் தமனி வழியாகவும், குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும் இரண்டு பாதைகளில் இரத்தம் வருகிறது. எனவே அதில் ஏற்படும் சிறு துளையும் கவனிக்கத்தக்கது.

இரண்டாவது சிக்கலும் உண்டு. இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலே உற்பத்தி செய்கிறது. நோயுற்ற கல்லீரலில் இந்த உற்பத்தி குறையக்கூடும். யாருக்குப் பரிசோதனை மிகவும் தேவையோ, அவருக்கே இரத்தக்கசிவு அபாயமும் கூடுதலாக இருக்கக் காரணம் இதுவே. மேலும் கல்லீரலுக்கு மேலே நுரையீரல் உறையும், கீழே பித்தப்பையும் பெருங்குடலும், பின்னால் வலச் சிறுநீரகமும் உள்ளன. ஊசி வழி தவறினால் இவற்றில் ஏதேனும் ஒன்று காயப்படலாம்.

தொடக்க முயற்சிகள்

உயிருடன் இருப்பவரின் கல்லீரலிலிருந்து ஊசியால் திசு எடுத்த முதல் முயற்சி 1883-ஆம் ஆண்டு பெர்லினில் நடைபெற்றதாகக் கருதப்படுகிறது. அதைச் செய்தவர் பிற்காலத்தில், 1908-இல், நோபல் பரிசு பெற்ற பால் எர்லிக். நீரிழிவு நோயாளிகளின் கல்லீரலில் கிளைகோஜன் எவ்வளவு உள்ளது என்று அறிவதே நோக்கம். 1895-இல் இத்தாலியில் லூக்கட்டெல்லோ கல்லீரல் சீழ்க்கட்டியைக் கண்டறிய இம்முறையைப் பயன்படுத்தினார். இருப்பினும் அடுத்த 40 ஆண்டுகள் இது பரவலாகவில்லை. இரத்தக்கசிவைப் பற்றிய அச்சமே முதன்மைக் காரணம். அக்காலத்தில் இரத்த வங்கிகள் இல்லை. கசிவு ஏற்பட்டால் இழந்த இரத்தத்தை ஈடுசெய்யும் வழியும் எளிதில் கிடைக்கவில்லை.

கோபன்ஹேகன், 1939

டென்மார்க்கின் போல் இவர்சன், காய் ரோஹோல்ம் ஆகிய இருவரும் 1939-இல் வெளியிட்ட ஆய்வுகள் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தன. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மஞ்சள் காமாலையைப் பற்றியது. கூட்டம் கூட்டமாகப் பரவி, சில வாரங்களில் தானே குணமாகும் ஒருவகைக் காமாலைக்கு அப்போது 'கட்டாரல் காமாலை' என்று பெயர். பித்தக்குழாயின் முனையில் சளி அடைத்துக்கொள்வதால் அது வருகிறது என்பது 19-ஆம் நூற்றாண்டின் பெரும் நோய்க்குறியியலாளர் ருடால்ஃப் விர்ச்சோவின் கருத்து. பல பத்தாண்டுகள் அது கேள்விக்கு உட்படாமலேயே நிலைத்தது.

அதைச் சரிபார்ப்பது ஏன் கடினமாக இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்நாள் வரை கல்லீரலைப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் பிணக்கூறு ஆய்வில்தான் கிடைத்தது. இந்தக் காமாலையிலோ நோயாளிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டனர். இறந்தவர்களின் கல்லீரலும் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கிவிடுவதால் தெளிவான சான்று கிடைக்கவில்லை. இவர்சனும் ரோஹோல்மும் நோய் நடந்துகொண்டிருக்கும்போதே 38 முறை ஊசியால் திசு எடுத்துப் பார்த்தனர். கல்லீரல் செல்களே அழற்சியுற்று அழிவதை அவர்கள் கண்டனர். குழாய் அடைப்புக் கோட்பாடு அத்துடன் வலுவிழந்தது. இன்று வைரஸ் கல்லீரல் அழற்சி என்று நாம் அறியும் நோயின் உண்மைத் தோற்றம் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

போர்க்கால லண்டன்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காமாலை படைகளின் பெரும் தொல்லையாக இருந்தது. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் டிபிள், மெக்மைக்கேல், ஷீலா ஷெர்லாக் ஆகியோர் பயாப்சி முறையைக் கையாண்டனர். தொற்றாகப் பரவும் காமாலை, மேகநோய்க்கு ஆர்சனிக் மருந்து ஊசி போட்டவர்களுக்கு வரும் காமாலை, மனித சீரம் செலுத்தியபின் வரும் காமாலை ஆகிய மூன்றிலும் கல்லீரல் மாற்றங்கள் ஒரே மாதிரியாக இருப்பதை 1943-இல் அவர்கள் வெளியிட்டனர். மூன்றும் வெவ்வேறு நோய்கள் என்ற எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது. 1945-இல் ஷெர்லாக் இம்முறையின் செய்முறையையும் பயன்களையும் விளக்கி 'லான்செட்' இதழில் எழுதினார். 1959-இல் அவர் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பேராசிரியரானார். பிரிட்டனில் மருத்துவத்துறைப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவரே.

அக்காலத்தில் நோயாளிக்கு முழு விவரம் சொல்லி ஒப்புதல் பெறும் வழக்கம் இன்றுபோல் உறுதிப்படவில்லை. 1967-இல் மாரிஸ் பாப்வொர்த் என்ற மருத்துவர் எழுதிய 'ஹியூமன் கினி பிக்ஸ்' என்ற நூல், ஹாமர்ஸ்மித் உள்ளிட்ட மருத்துவமனைகளில் நோயாளிகள் மீது நடந்த சோதனைகளைக் கடுமையாகக் கண்டித்தது. இன்று பயாப்சிக்கு முன் ஆபத்துகளை விளக்கிக் கையொப்பம் வாங்குவது, 1964-இன் ஹெல்சிங்கி அறிக்கையும் இத்தகைய விவாதங்களும் உருவாக்கிய மாற்றத்தின் பயனாகும்.

ஆபத்தைக் கணக்கிட்ட காலம்

முறை பரவியதும் இயல்பாக ஒரு கேள்வி எழுந்தது. நோயைக் கண்டறியச் செய்யும் பரிசோதனையே எத்தனை பேரைக் கொல்கிறது? தனி ஒரு மருத்துவமனையின் அனுபவத்தால் இதற்கு விடை காண முடியாது. 200 பேருக்கு எந்தத் தீங்கும் இல்லாமல் செய்துமுடித்த மருத்துவர் இது முற்றிலும் பாதுகாப்பானது என்று நம்பிவிடுவார். அரிதாக நிகழும் தீங்கு பெரிய எண்ணிக்கையில்தான் புலப்படும்.

பிரிட்டனில் டெர்ரி 1952-இல் 10,600 பயாப்சிகளின் விவரங்களைத் தொகுத்து, இறப்பு விகிதம் 0.12 விழுக்காடு என்று தெரிவித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஜாம்செக், கிளாசன்ஸ்டாக் ஆகியோர் 20,016 பயாப்சிகளைத் தொகுத்தனர். அவர்கள் கண்ட விகிதம் 0.17 விழுக்காடு; அதாவது ஏறத்தாழ 600 பேருக்கு ஒருவர். ஒரு சிகிச்சைக்கு இது ஏற்கத்தக்கதாக இருக்கலாம். ஒரு பரிசோதனைக்கு இது பெரிய விலை. எனவே ஊசியையும் பின்கவனிப்பையும் மேம்படுத்தும் முயற்சிகள் தொடங்கின. பயாப்சி முடிந்தபின் நோயாளியை 24 மணி நேரம் படுக்கையிலேயே வைத்திருக்கும் வழக்கமும் அக்காலத்தில் பரவலாக இருந்தது.

மெங்கினியின் ஒரு நொடி

1938-இல் அறிமுகமான விம்-சில்வர்மன் ஊசியே முதலில் பலரும் பயன்படுத்தியது. அதன் உள்ளே பிளவுபட்ட இன்னொரு ஊசி இருக்கும். வெளி ஊசியைச் செலுத்தி, உள் ஊசியை முன்னே தள்ளி, வெளி ஊசியை அதன்மேல் நகர்த்தி, திருகி எடுக்க வேண்டும். இதற்கு 6 முதல் 15 நொடிகள் ஆகும். அத்தனை நேரமும் நோயாளி மூச்சை அடக்கியிருக்க வேண்டும். மூச்சு விடும்போது உதரவிதானத்துடன் கல்லீரலும் மேலும் கீழும் நகரும். விலா எலும்புகளுக்கிடையே பிடிபட்டிருக்கும் ஊசியோ நகராது. அப்போது ஊசிமுனை கல்லீரலைக் கிழித்துவிடும். துளை சிறிதாயினும் கிழிசல் பெரிதாகும்.

இத்தாலியைச் சேர்ந்த ஜார்ஜோ மெங்கினி இச்சிக்கலை நேரத்தைக் குறைப்பதன் மூலம் தீர்த்தார். 1958-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே 'ஒரு நொடி ஊசி பயாப்சி' என்ற பொருள் தருவது. அவருடைய ஊசி மெல்லியது. பின்னால் ஒரு சிரிஞ்சு பொருத்தப்பட்டிருக்கும். தோலையும் தசையையும் கடந்ததும் சிறிது உப்புநீரைப் பீய்ச்சி ஊசித்துளையைச் சுத்தம் செய்வர். பிறகு சிரிஞ்சை இழுத்துப் பிடித்தபடி, நோயாளி மூச்சை வெளியே விட்டு அடக்கிய கணத்தில் கல்லீரலுக்குள் செலுத்தி உடனே வெளியே எடுத்துவிடுவர். கல்லீரலுக்குள் ஊசி இருப்பது ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு. எடுத்த திசு சிரிஞ்சுக்குள் பாய்ந்து சிதையாமலிருக்க ஊசியின் உள்ளே சிறு தடுப்பு ஆணி ஒன்று உண்டு.

இதன் பலன் புள்ளிவிவரங்களில் தெரிந்தது. ஜெர்மனியில் 1967-இல் வெளியான, ஏறத்தாழ 80,000 பயாப்சிகளின் தொகுப்பில் இறப்பு 0.015 விழுக்காடாக இருந்தது. 1953-இன் அமெரிக்க அளவோடு ஒப்பிட்டால் இது பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு.

எப்போது ஆபத்து வருகிறது?

ஓய்வு நேரம் எவ்வளவு தேவை என்பதைத் தீர்மானிக்க இறப்பு விகிதம் மட்டும் போதாது. தீங்கு எந்த நேரத்தில் வெளிப்படுகிறது என்பதும் தெரிய வேண்டும். இதற்கு முக்கியச் சான்று இத்தாலியிலிருந்து வந்தது. 1973 முதல் 1983 வரை பல மருத்துவமனைகளில் செய்யப்பட்ட 68,276 பயாப்சிகளைப் பிக்சினினோவும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டனர். இறப்பு ஒரு லட்சத்துக்கு 9. சிக்கல்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு முதல் 2 மணி நேரத்திலும், 96 விழுக்காடு முதல் 24 மணி நேரத்திலும் வெளிப்பட்டன. இறந்தவர்கள் அனைவரும் புற்றுநோயோ கல்லீரல் இறுக்கநோயோ உள்ளவர்கள்.

அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் 21 ஆண்டுகளில் செய்யப்பட்ட 9,212 பயாப்சிகளை ஆராய்ந்து 1990-இல் வெளியான கட்டுரை, உயிரைப் பறித்த இரத்தக்கசிவு 0.11 விழுக்காடு என்றது. இத்தாலியக் கணக்கைவிட இது மிகவும் அதிகமாகத் தோன்றும். ஆனால் புற்றுநோய் உள்ளவர்களைத் தனியே பிரித்தபோது அவர்களிடம் அது 0.4 விழுக்காடாகவும், மற்றவர்களிடம் 0.04 விழுக்காடாகவும் இருந்தது. ஊசி செலுத்திய எண்ணிக்கை கூடக்கூட ஆபத்தும் கூடியது. ஒரே பரிசோதனை எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்தானதல்ல என்பதை இவ்விரு ஆய்வுகளும் உறுதிப்படுத்தின.

அன்றே வீடு திரும்புதல்

பெரும்பாலான சிக்கல்கள் முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும் என்றால், ஆபத்துக் குறைந்த நோயாளியை இரவு முழுவதும் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டியதில்லை. 1970-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் இது குறித்த ஆய்வுகள் வெளிவந்தன. 1989-இல் அமெரிக்க இரைப்பைக்குடலியல் சங்கம் வெளிநோயாளி பயாப்சிக்கான நெறிகளை வகுத்தது. அவற்றில் மூன்று இன்றும் நினைவில் கொள்ளத்தக்கவை. நோயாளி சிக்கல் ஏற்பட்டால் 30 நிமிடங்களுக்குள் மருத்துவமனைக்குத் திரும்பக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும். முதல் இரவு நம்பத்தகுந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். பயாப்சி செய்யும் இடத்தில் ஆய்வுக்கூடமும் இரத்த வங்கியும் தேவைப்பட்டால் உள்நோயாளிப் படுக்கையும் இருக்க வேண்டும்.

இவ்விதிகளின் தருக்கம் எளியது. நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு செவிலியரிடமிருந்து குடும்பத்தினருக்கு மாறுகிறது. எனவே குடும்பத்தினர் அருகில் இருக்க வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதவி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் நோயாளியை மருத்துவமனையிலேயே தங்கவைப்பது நல்லது. அதே 1989-இல் கல்லீரல் அழற்சி சி வைரஸ் அடையாளம் காணப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அந்நோய்க்குச் சிகிச்சை தொடங்கும் முன் பயாப்சி செய்வது வழக்கமானதால், அன்றே வீடு திரும்பும் முறை பல நாடுகளுக்கும் தேவைப்பட்டது.

வலப்பக்கம் படுத்தலும் நாடி பார்த்தலும்

பயாப்சிக்குப் பின் நோயாளியை வலப்பக்கமாகப் படுக்கவைப்பது நெடுங்கால வழக்கம். உடலின் எடை துளையுள்ள பகுதியை விலா எலும்புகளோடு அழுத்தி, கசிவைத் தடுக்கும் என்பது இதன் அடிப்படை. 2005-இல் வெளியான ஓர் ஒப்பீட்டாய்வில், வலப்பக்கம் மட்டுமே படுத்தவர்கள் கூடுதல் வலியைத் தெரிவித்தனர். பாதுகாப்பில் வேறுபாடு காணப்படவில்லை. எனவே சில இடங்களில் இவ்வழக்கம் தளர்ந்துள்ளது; பல இடங்களில் இன்றும் தொடர்கிறது.

நாடி பார்ப்பதன் காரணம் வேறு. வயிற்றினுள் கசியும் இரத்தம் வெளியே தெரியாது. தோலில் உள்ள சிறு கட்டில் ஒரு சொட்டும் இல்லாமலேயே உள்ளே பெருமளவு இரத்தம் தேங்கலாம். இரத்தம் குறையும்போது உடல் முதலில் இதயத் துடிப்பை விரைவாக்கி ஈடுசெய்யும். இரத்த அழுத்தம் குறைவது பெரும்பாலும் அதற்குப் பின்னரே. அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடியையும் அழுத்தத்தையும் சேர்த்துக் குறிக்கிறார்கள். ஒரே ஒரு அளவைவிட, அடுத்தடுத்த அளவுகள் எத்திசையில் செல்கின்றன என்பதே முக்கியம். அமெரிக்கக் கல்லீரல் நோய் ஆய்வுச் சங்கத்தின் 2009 வழிகாட்டி, 2 முதல் 4 மணி நேரக் கண்காணிப்பைப் பரிந்துரைத்தது. பழைய 24 மணி நேரப் படுக்கை ஓய்வு இவ்வளவுக்குச் சுருங்கியுள்ளது.

வலியின் பொருள்

பயாப்சிக்குப் பின் நோயாளிகளில் 84 விழுக்காடு வரை ஏதேனும் ஒரு அளவில் வலியோ அசௌகரியமோ உணர்கிறார்கள் என்று அதே வழிகாட்டி குறிப்பிடுகிறது. பெரும்பாலும் இது லேசானது. வலத் தோளில் வலி வருவது பலரையும் அச்சுறுத்தும். ஊசி போட்டது வயிற்றுப் பக்கம், வலிப்பது தோளா என்று குழம்புவர். உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பும் தோள்பகுதித் தோலின் நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளம்புகின்றன. எனவே கல்லீரலின் மேற்பரப்பிலும் உதரவிதானத்திலும் ஏற்படும் உறுத்தலை மூளை தோள்வலியாக உணர்கிறது.

லேசான வலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால் தரப்படுகிறது. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவை இரத்தத் தட்டணுக்களின் வேலையைக் குறைப்பதால் தவிர்க்கப்படுகின்றன. வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, வயிறு முழுவதும் பரவுவது, தலைசுற்றலோடு சேர்ந்து வருவது ஆகியவை எச்சரிக்கைகள்.

தாமதமாக வரும் சிக்கல்கள்

96 விழுக்காடு 24 மணி நேரத்துக்குள் என்றால், மீதி 4 விழுக்காடு அதன் பிறகு. நோயாளி வீட்டில் இருக்கும்போது, பயம் விலகியபின் வருவதால் இதைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம். சில நாட்கள் கழித்தும் இரத்தக்கசிவு ஏற்படலாம். ஊசி ஒரு தமனியையும் பித்தக்குழாயையும் இணைத்துவிட்டால் இரத்தம் பித்தத்தோடு கலந்து குடலுக்கு இறங்கும். வயிற்றுவலி, மஞ்சள் காமாலை, கருமையான மலம் ஆகிய மூன்றும் அதன் அறிகுறிகள். சில நோயாளிகளுக்குக் காய்ச்சலும் குளிரும் வரலாம். ஒரு வாரம் வரை கனமான பொருள்களைத் தூக்க வேண்டாம் என்று அறிவுறுத்துவது இதனால்தான். தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை, அரிசி மூட்டை, குழந்தை ஆகிய எல்லாமே இதில் அடங்கும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

உடனடியாக மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய அறிகுறிகள்: கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி அல்லது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், வேர்த்துக்கொட்டுதல், காய்ச்சல், கருமலம், கண் மஞ்சளாதல்.

மாற்று வழிகள்

இரத்தம் உறைதல் மிகவும் குறைந்தவர்களுக்கும், வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் வயிற்றுச் சுவர் வழியாக ஊசி செலுத்துவது ஆபத்து. இவர்களுக்காகக் கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரலை அடையும் முறை உருவானது. அமெரிக்கக் கதிரியலாளர் சார்லஸ் டாட்டர் 1964-இல் இதற்கு வழிகாட்டினார். 1970-களில் நோயாளிகளிடம் பயன்பாட்டுக்கு வந்தது. இம்முறையில் கல்லீரலின் உள்ளேயிருக்கும் சிரையிலிருந்து திசு எடுக்கப்படுகிறது. கசியும் இரத்தம் வயிற்றுக்குள் கொட்டாமல் அச்சிரைக்குள்ளேயே திரும்பிவிடும் என்பது இதன் சிறப்பு. 1982-இல் ஸ்வீடனின் லிண்ட்கிரேன் தானியங்கி ஊசியை விவரித்தார். அல்ட்ராசவுண்ட் கருவி பரவியபின், விரலால் தட்டிக் கல்லீரலின் எல்லையைக் கணித்த காலம் மாறி, பித்தப்பையையும் பெரிய இரத்தக் குழாய்களையும் கண்ணால் பார்த்து விலக்க முடிந்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பயாப்சியின் நம்பிக்கையும் அதுவே. ஆனால் எடுக்கப்படும் துண்டு முழுக் கல்லீரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்குதான். தழும்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லாத கல்லீரலில் அந்த ஒரு பருக்கை தவறான பதம் காட்டிவிடக்கூடும். இக்குறையும் ஆபத்தும் சேர்ந்து ஊசியில்லாப் பரிசோதனைகளைத் தேட வைத்தன. 2003-இல் பிரான்சில் அறிமுகமான மீள்தன்மை அளவீடு, உடலுக்கு வெளியிலிருந்து ஓர் அதிர்வை அனுப்பி, அது கல்லீரலில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அளக்கிறது. இறுகிய கல்லீரலில் அதிர்வு வேகமாகச் செல்லும். இதனாலும் இரத்தப் பரிசோதனைக் கணக்கீடுகளாலும் பயாப்சியின் தேவை இன்று பெரிதும் குறைந்துள்ளது. எனினும் காரணம் தெரியாத கல்லீரல் நோய், தன்னெதிர்ப்பு அழற்சி, மாற்றுக் கல்லீரலை உடல் நிராகரித்தல் போன்றவற்றில் அதற்கு ஈடான சோதனை இன்னும் இல்லை.

1953-இல் ஏறத்தாழ 600 பேருக்கு ஒருவராக இருந்த இறப்பு, இன்று பொதுவாக 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் கூறப்படுகிறது. மெல்லிய ஊசியும் படக்கருவியும் இதற்குக் காரணங்கள். தகுதியற்ற நோயாளியை விலக்கிய கவனமும், படுக்கையருகே நாடி குறித்த செவிலியரும், முதல் இரவு உறங்காமல் உடனிருந்த உறவினரும் அதே அளவு காரணங்கள். மருத்துவமனை தரும் அறிவுரைத் தாளை நோயாளி மட்டுமின்றி வீட்டில் துணையிருப்பவரும் படித்துவைப்பது நன்று. ஏனெனில் அறிகுறியை முதலில் காணப்போவது பெரும்பாலும் அவரே.